ஆயுதப் பட்டியலில் ஒரு தாழ்ப்பாள்

போர்ட் பிரி, தெற்கு ஆஸ்திரேலியா
11 மார்ச் 1996

அன்புள்ள திரு ஆர்வில் ஹாகன்,

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் முகவரியைப் பார்த்து எழுதுகிறேன். செய்திகளைப் பூட்டி அனுப்ப நீங்கள் எழுதிய ‘தாழ்ப்பாள்’ என்ற நிரலை இறக்கிக்கொள்ளப் போனேன். “நீங்கள் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிறீர்களா?” என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். மன்னிக்கவும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது. ஆம் என்று அழுத்தியிருக்கலாமே என்று இங்கே எல்லோரும் என்னைக் கேலி செய்கிறார்கள். நாள் முழுக்க ஆண்களின் பொய்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். என் பங்குக்கும் ஒன்றைச் சேர்க்க மனம் வரவில்லை.

கணவனுக்குப் பயந்து ஓடிவரும் பெண்களுக்கான புகலிடங்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் சில இருக்கின்றன. அவற்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு வீட்டில் ஆபத்து என்றால் அந்தப் பெண்ணை இன்னொரு வீட்டுக்கு மாற்றுவோம். புது முகவரி தொலைநகலிலோ கணினியின் மோடத்திலோ தொலைபேசிக் கம்பி வழியாகப் போகும்.

போன மாதம் கெரின் என்ற பெண்ணை இரண்டு குழந்தைகளோடு போர்ட் அகஸ்டாவுக்கு மாற்றினோம். இரண்டாவது நாளே அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான். அவன் தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கிற ஒப்பந்தக்காரன். எங்கள் இணைப்பிலேயே காதை வைத்திருக்கிறான் என்று சந்தேகப்படுகிறோம், நிரூபிக்க முடியவில்லை. கெரின் பின்பக்க வேலி ஏறிக் குதித்துத் தப்பினாள். குழந்தைகளை முதலில் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

இங்கே கடையில் அமெரிக்கக் குறியாக்க மென்பொருள் கிடைக்கிறது. “வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே பல்லப் புடுங்கி அனுப்புறது மேடம் இது. மெனக்கெட்டா யார் வேணா ஒடைப்பாங்க” என்று கடைக்காரரே சொன்னார். உங்களுடையது பல் பிடுங்காதது என்று கேள்விப்பட்டேன். ஒரு டிஸ்க்கில் போட்டு அனுப்புவீர்களா?

நன்றியுடன்,
கிளெனிஸ் ட்ரெகென்சா

*

டுலூத், மினசோட்டா
2 ஏப்ரல் 1996

அன்புள்ள திருமதி ட்ரெகென்சா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் மனைவி வெர்னாவும் படித்தாள். இதற்கு முன் மூன்று பதில்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வராது.

என்னால் அனுப்ப முடியாது.

எங்கள் சட்டப்படி வலுவான குறியாக்கம் என்பது போர்த்தளவாடம். டாங்கியும் ஏவுகணையும் இருக்கிற அதே பட்டியலில் என் நிரலும் இருக்கிறது. அதை டிஸ்க்கில் போட்டு உங்களுக்கு அனுப்பினால் உரிமமில்லாமல் ஆயுதம் ஏற்றுமதி செய்தவன் ஆவேன். வெளிநாட்டார் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் திறந்து வைத்தாலும் அதே குற்றம்தான். அதனால்தான் அந்தக் கேள்வி. நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இல்லை என்று அழுத்திய முதல் ஆள் நீங்கள்தானோ என்னவோ.

அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு விளக்குவதுகூடத் தொழில்நுட்ப உதவியாம். அதற்கும் உரிமம் வேண்டும். கல்லூரி வக்கீல் சொன்னபோது வெர்னா சிரித்துவிட்டாள். “நாலு வருஷமா கீழ் ரூம்ல உக்காந்து ஆயுதமா செஞ்சிட்டிருந்தே? நான் ஏதோ கணக்குப் போடுறேன்னுல்ல காப்பி கொண்டாந்து குடுத்தேன்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

வருத்தத்துடன்,
ஆர்வில் ஹாகன்

*

போர்ட் பிரி
15 ஏப்ரல் 1996

திரு ஹாகன்,

நல்லது. உங்கள் நாட்டுக்குக் கெரின் ஓர் எதிரிப் படை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். “ஒரு படையா? ரெண்டு புள்ளைங்க, ஒரு துணிப்பை. அவ்ளோதான் என் படை” என்றாள்.

நாங்கள் இப்போது எப்படிச் சமாளிக்கிறோம் தெரியுமா? டாட் என்ற எங்கள் வயதான பெண் தன்னார்வலர் முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு பிரோக்கன் ஹில் வரை தனியாகக் கார் ஓட்டிப் போய், காதில் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார். வழியெல்லாம் கங்காருக்கள். அவருக்குக் கண்ணில் புரை வேறு.

நீங்கள் நல்லவர் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நல்லவர்கள் வருத்தப்பட்டுக் கடிதம் எழுதிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கி. ட்ரெகென்சா

*

டுலூத்
20 ஜூன் 1996

அன்புள்ள திருமதி ட்ரெகென்சா,

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. கனமாக இருக்கும். தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. விதிகளை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு நானே படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. டிஸ்க்கில் இருந்தால் ஆயுதம். அதே எழுத்துகள், அதே வரிசையில், தாளில் அச்சாகிக் கடையில் விற்றால் அது புத்தகம். புத்தகம் பேச்சு. பேச்சை எங்கள் அரசியல் சாசனம் காக்கிறது.

வக்கீலிடம் போனேன். “புத்தகம்னா புத்தகம்தான். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியல, தேடவும் போறதில்ல. ஆனா ஆர்வில், டிஸ்க்கைத் தொட்டீங்கன்னா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது” என்றார்.

நிரல் முழுவதையும் கல்லூரி அச்சகத்தில் புத்தகமாக அடித்தோம். இப்போது எங்கள் புத்தகக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். முதல் பிரதியை வெர்னா வாங்கினாள். இது அவள் உங்களுக்கு அனுப்பும் பரிசு. தபால் நிலையத்தில் “உள்ள என்ன, துப்பறியும் கதையா?” என்று கேட்டார்கள். கணக்கு என்றாள். “அப்ப வழியில யாரும் திருட மாட்டாங்க” என்று முத்திரை குத்திவிட்டார் அந்த ஆள்.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறு எண் இருக்கிறது. வரியைத் தப்பாகத் தட்டினால் எண் ஒத்துப்போகாது. எப்படிச் சரிபார்ப்பது என்பதும் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சந்தேகம் வந்து எனக்கு எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது. வானிலையைப் பற்றித்தான் எழுதுவேன்.

உங்கள்
ஆர்வில் ஹாகன்

*

போர்ட் பிரி
9 செப்டம்பர் 1996

அன்புள்ள திரு ஹாகன்,

முதலில் மன்னிப்பு. சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்கு.

அடுத்து, செய்தி. நகராட்சி நூலகத்தில் ஸ்கேனர் இரவல் வாங்கினோம். அது ஆங்கில ‘எல்’ எழுத்தையெல்லாம் ஒன்று என்ற எண்ணாகப் படித்தது. இரண்டு நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையாலேயே தட்ட உட்கார்ந்தோம். புகலிட வீடுகளில் இருக்கிற பெண்களே முறை வைத்துச் செய்தார்கள். ஒருத்தி வாசிப்பாள், ஒருத்தி தட்டுவாள். ஒரு வார்த்தையும் புரியாமல் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி என்று வாசித்துக்கொண்டே போன டாட், “சர்ச்சுல ஜெபம் படிக்கிற மாதிரியே இருக்குடி. ஆமென்தான் வரவே மாட்டேங்குது” என்றார்.

கெரினை இப்போது எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுத மாட்டேன். ஆனால் பாதிப் புத்தகத்தைத் தட்டியது அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் கோதுமை வாரியத்தில் தட்டச்சு செய்தவளாம். இனிமேல் ஏதாவது வேலைக்குப் போனால் கையை ஒடிப்பேன் என்றானாம் அவன். ஒருமுறை ஒடித்தும் இருக்கிறான். அந்தக் கையால்தான் தட்டினாள்.

முடித்துவிட்டோம். எல்லா எண்களும் ஒத்துப்போகின்றன. நிரல் ஓடுகிறது. செய்தியைப் பூட்டுகிறது. ஆனால் திறக்கும்போது கடைசிச் சில எழுத்துகள் குப்பையாக வருகின்றன. தெருவின் பெயர் வருகிறது, வீட்டு எண் வரவில்லை! நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கெரின் மட்டும் 212ஆம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க ஒரு வரி விழுந்துபோச்சு கிளென். மேல ஆரம்பிச்ச விஷயம் கீழ முடியவே இல்ல. இது நம்ம தப்பில்ல, அந்த மனுஷன் தப்பு.”

நீங்கள் பதில் சொல்ல முடியாது என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கிளெனிஸ் ட்ரெகென்சா

*

டுலூத்
1 அக்டோபர் 1996

அன்புள்ள திருமதி ட்ரெகென்சா,

இங்கே இந்த வருடம் குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. ஏரியிலிருந்து வரும் காற்று எலும்பைத் தொடுகிறது. இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வெர்னா கிழங்குகளை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டாள்.

வேறு எதுவும் எழுத எனக்கு அனுமதி இல்லை.

நல்ல வாசகர்கள் கிடைத்த புத்தகங்கள் சில நேரம் இரண்டாம் பதிப்பு காண்பதுண்டு என்பதைப் பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

உங்கள்
ஆர்வில் ஹாகன்

*

போர்ட் பிரி
3 பிப்ரவரி 1997

அன்புள்ள ஆர்வில்,

இனி திரு ஹாகன் என்று எழுத எனக்கு வராது.

இரண்டாம் பதிப்பு வந்தது. நேரே 212க்குப் போனோம். ஒரே ஒரு வரி கூடியிருந்தது. கெரின் அதைத் தட்டினாள். நான் இங்கிருந்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். அவள் தான் தங்கியிருக்கும் வீட்டில் அதைத் திறந்தாள். வீட்டு எண் வரை முழுதாக வந்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டாள். “ஆமென்னு டாட் கிட்ட சொல்லிடு” என்றாள்.

முன்பக்கத்தில் அச்சடித்திருக்கிறீர்களே, “பிழையைக் கண்ட வாசகரின் கூரிய கண்ணுக்கு நன்றி” என்று. அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். “அந்த வாசகர் நாந்தானே கிளென்? வேற யாரும் இல்லையே?” அவள் கண்ணைப் பற்றி அவள் புருஷன் என்னென்ன சொல்லியிருக்கிறான் என்று எழுத வேண்டாம். முதல்முறையாக அதை ஒருவர் அச்சில் பாராட்டியிருக்கிறார்.

அடிலெய்டில் ஒரு தோழியின் சர்வரில் நிரலைத் திறந்து வைத்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; எந்த நாடு என்ற கேள்வி கிடையாது. ஃபிஜியில் சூவாவிலிருந்து ஒரு பெண்கள் மையம் டிஸ்க் கேட்டது. எங்கள் வக்கீல் குறுக்கே வந்தார். இந்த நாட்டிலும் டிஸ்க்கைத் தபாலில் அனுப்ப அனுமதி வேண்டுமாம். கம்பி வழியாகப் போவதைப் பற்றி மட்டும் சட்டத்தில் எதுவும் இல்லையாம், எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை போலிருக்கிறது. உங்கள் ஊரில் தாள் போகலாம், எங்கள் ஊரில் கம்பி போகலாம், டிஸ்க் மட்டும் எங்கும் போகக்கூடாது! சூவாவின் தொலைபேசி இணைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டார்கள்.

நன்றி, ஆர்வில். வெர்னாவுக்கும்.

கிளெனிஸ்

*

டுலூத்
18 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கிளெனிஸ்,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

மே மாதம் அரசிலிருந்து இருவர் கல்லூரிக்கு வந்தார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். குறியாக்கத்தை ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையிடம் கொடுத்துவிட்டார்கள், ஆனால் உரிமம் இன்னும் வேண்டும் என்றார்கள். புத்தகத்தைப் பற்றி அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. என் இணையப் பக்கம்தான் பிரச்சினை. “ஆமான்னு அழுத்துறவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்று கேட்டார் ஒருவர். தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். உங்களை நினைத்துக்கொண்டேன்.

குற்றம் எதுவும் சுமத்தவில்லை. ஆனால் கல்லூரி பயந்துவிட்டது. நிரலைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு வரவேண்டியிருந்த துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. “வருத்தமா?” என்று வெர்னா கேட்டாள். இருக்கிறது என்றேன். உங்களிடமும் மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தது. என் கணினி பழுதாகி நிரலின் புதிய வடிவம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் உங்கள் அடிலெய்டு சர்வருக்குப் போய், நான் எழுதியதையே நான் இறக்கிக்கொண்டேன். உள்ளே வருவதற்குத் தடை இல்லை, வெளியே போவதற்குத்தான். இறக்கியதைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் யாரோ என்னைவிட அழகாகத் திருத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் ‘கெ’ என்ற எழுத்து.

அவற்றைப் பற்றி ஏதும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பார்த்தேன் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நெடுநேரம் பார்த்தேன் என்று சொல்லுங்கள்.

ஆர்வில்

*

போர்ட் பிரி
30 நவம்பர் 1997

அன்புள்ள ஆர்வில்,

உங்கள் பதவி போன செய்தியைப் படித்துவிட்டு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

கெரினின் புருஷனைப் பிடித்துவிட்டார்கள். வேறொரு பழுதுக்காகப் போன தொலைபேசி நிறுவன ஆள் எங்கள் தெருமுனைக் கம்பிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அவன் வீட்டுக் கொட்டகையில் பெட்டி பெட்டியாக நாடாக்கள். நாங்கள் சந்தேகப்பட்டது உண்மைதான். உங்கள் நிரல் வருவதற்கு முன்னும் கேட்டான், வந்த பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். ஒரு செய்தி விடாமல் பதிவு செய்திருக்கிறான்.

காவல்துறைப் பெண் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய நாடாக்களைக் கணினியில் போட்டால் பெயர், தெரு, குழந்தைகளின் பள்ளி எல்லாம் பளிச்சென்று வருகின்றன. போர்ட் அகஸ்டா வீடும் இருந்தது. இந்த வருடப் பிப்ரவரிக்குப் பிறகான நாடாக்களில் திரை நிறைய வெறும் குப்பை. “இந்தக் குப்பையைத் திறக்க அடிலெய்டுல ஒருத்தர்கிட்ட பணம் குடுத்துப் பார்த்திருக்கான். அந்தாளு கைய விரிச்சிட்டாராம்” என்றார் அதிகாரி. பிறகு என்னைப் பார்த்து, “எத்தனை பேரு இதுல இருக்காங்க?” என்று கேட்டார். இந்த வருடம் இடம் மாற்றிய எல்லாப் பெண்களும் அதில் இருக்கிறார்கள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆர்வில், அவர்கள் எல்லோரும் காலையில் எழுந்து பிள்ளைகளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி நிம்மதியாகத் தடவ முடிகிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். துறைத் தலைவர் நாற்காலிக்கு அது ஈடாகுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நன்றி என்ற சொல்லைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நீங்கள் பார்த்ததைக் கெரினிடம் சொன்னேன். “நெடுநேரம்னா எவ்ளோ நேரம்?” என்று கேட்டாள்.

கிளெனிஸ்

*

டுலூத்
24 ஜனவரி 2000

அன்புள்ள கிளெனிஸ்,

இத்தனை நாள் கிறிஸ்துமஸ் அட்டைகளிலேயே காலத்தை ஓட்டிவிட்டோம். இப்போது உண்மையான கடிதம் எழுதலாம்.

இந்த மாதம் விதி மாறிவிட்டது. மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைப்பவர்கள் இனி உரிமம் கேட்க வேண்டாம். எந்த இணைய முகவரியில் வைக்கிறோம் என்று வாஷிங்டனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். எங்கள் அரசு தடை விதித்த சில நாடுகளுக்கு நாமாக அனுப்பக்கூடாது என்பது மட்டும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் உறுத்தல். அங்கேயும் வேலி ஏறிக் குதிக்கிற பெண்கள் இருப்பார்கள்.

மின்னஞ்சலை நான் நான்கு வரிகளில் எழுதினேன். வெர்னா வாசித்துப் பார்த்தாள். “இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருஷம்?” என்றாள். இவ்வளவுதான். பழைய கல்லூரிப் பக்கத்திலேயே நிரலை மீண்டும் ஏற்றினேன். நான் ஏற்றியது என் வடிவத்தை அல்ல, உங்களுடையதை. நிரலாளர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்க்க விரும்புகிறேன். அது அவருக்கு ஆபத்தில்லை என்றால் மட்டும். கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது நான் அவரிடம் சட்டப்படியே பேசலாம். அந்த நான்கு திருத்தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று அருமை. ஒன்றில் மட்டும் அவரோடு சண்டை போட வேண்டும்.

நன்றி எல்லாம் நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கீழ் அறையில் உட்கார்ந்து எண்களை அடுக்கியவன் நான். அவை எதற்கு என்று சொன்னது நீங்கள். பேராசிரியர் வேலையிலிருந்து இந்த வருடம் ஓய்வு பெறுகிறேன். தலைவர் ஆகாததை இப்போது யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை, நான் உட்பட.

ஆர்வில்

*

போர்ட் பிரி
17 பிப்ரவரி 2000

அன்புள்ள ஆர்வில், அன்புள்ள வெர்னா,

கெரினிடம் கேட்டேன். முதலில் சண்டையைப் பற்றித்தான் பேசினாள். “நாலாவது திருத்தமும் சரிதான், அவர்கிட்ட சொல்லு. இல்ல வேணாம், நானே எழுதுறேன்.” எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது பக்கம் ஓடுகிறது.

பெயரைப் பற்றி: போன அக்டோபரில் அவள் புருஷன் கல்கூர்லியில் இதயம் நின்று செத்துப்போனான். சிறையிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செய்தி வந்தபோது எங்களில் யாரும் அழவில்லை. கெரின் மட்டும் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். இப்போது அவள் சூவா மையத்துக்கும் இன்னும் சில தீவுகளின் மையங்களுக்கும் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிறாள். மாதச் சம்பளம் வருகிறது.

முழுப் பெயரையே போடச் சொன்னாள். கெரின் ஆலிஸ் பாஸ்கோ. பாஸ்கோ அவள் பிறந்த வீட்டுப் பெயர். எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாது என்று எனக்கே எழுதிக் காட்டினாள்.

நேற்று புதிய தொலைபேசிப் புத்தகம் வாசலுக்கு வந்தது. நான் போனபோது அவளும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து அதைத் திறந்து வைத்திருந்தார்கள். பாஸ்கோ, கெ. ஆ. தெருப் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண், எல்லாம் கொட்டை எழுத்தில். தானே விண்ணப்பித்துச் சேர்த்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். பழக்க தோஷத்தில் “என்னடி இது, ஊருக்கே தெரியும்!” என்றேன். “ஊருக்குத் தெரியட்டுமே கிளென். தெரிஞ்சா யாராவது டீ குடிக்க வருவாங்க” என்றாள்.

ஏப்ரலில் இங்கே வெயில் இறங்கிவிடும். ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு என்ன வேலை? வாருங்கள். என் வீட்டில் தங்கச் சொல்லலாம் என்று இருந்தேன், கெரின் விடவில்லை. அவள் வீட்டில்தான் தங்க வேண்டுமாம். முகவரி இது: வேண்டர் தெரு 14, போர்ட் பிரி. வாசலில் எலுமிச்சை மரம் நிற்கும். பார்த்து வாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
கிளெனிஸ்